அறுபத்திரண்டு டிகிரி

ஜமீருக்கு ஊற்றிவைத்த டீ நூற்று முப்பத்தேழு நாட்கள் ஆறவில்லை. 1983 மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, அரூர் கடைவீதிக்குப் பின்தெருவில், அவன் மனைவி ஷகிலா அதை ஊற்றினாள். இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். ஜமீர் லாரி டிரைவர். எதையும் சூடாகக் குடிக்கமாட்டான். "ஆறட்டும், டீசல் போட்டுட்டு வந்து குடிக்கிறன்" என்று போனான். லோடு அவசரம் என்று சேலத்து முதலாளியின் ஆள் வந்து, பெட்ரோல் பங்கிலிருந்தே அவனை நாக்பூருக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் காலையிலும் கிளாஸிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. ஜமீரின் தாய் ரோஷன் பீ மெத்தை தைப்பவர். ஊசியை நெஞ்சுத் துணியில் குத்திவிட்டு வந்து தொட்டுப் பார்த்தார். "டீ சூடா இருக்குதுன்னா எம்புள்ள நல்லாருக்கான்னு அர்த்தம்" என்றார். தெருவும் அப்படியே எடுத்துக்கொண்டது.

அது மழை பொய்த்த இரண்டாம் வருடம். கிணறுகளில் வாளி தரையில் இடித்தது. தண்ணீர் லாரி நான்கு நாளைக்கு ஒருமுறை வந்தது. மாடுகளை விற்றுவிட்டார்கள், பல வீடுகளில் டீ போடுவதே நின்றுபோனது. கல்யாணங்கள் தள்ளிப்போனதால் ரோஷன் பீயிடம் யாரும் மெத்தை தைக்கக் கொடுக்கவில்லை. வீட்டில் டீ இல்லாத ஆட்கள் மாலை நான்கு மணிக்கு வந்து, அந்தக் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தை ஆவியில் காட்டிவிட்டுப் போனார்கள். வெயில் கொளுத்தியும் வந்தார்கள். யாரும் குடிக்கவில்லை. ஆளுக்கு நூறு எண்ணும் நேரம் என்று ரோஷன் பீ வகுத்திருந்தார். எதிர்வீட்டு சைக்கிள் கடை மாரியப்பன் நூற்றைம்பதுவரை எண்ணுவான். "சக்கர போட்டிருக்குதா இல்லியான்னு தெரியாமயே செத்துருவன் போலங்க" என்பான். "செத்தா சொல்லியனுப்பு, ஒரு சொட்டு வாயில விடறன்" என்பார் ரோஷன் பீ. அந்தக் கோடையில் அந்தத் தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்த ஒரு வேளைதான். பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் தீர்த்தம்மாள் ஆய்வகத்துத் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் அளந்தார். எப்போதும் அறுபத்திரண்டு டிகிரி. காரணம் என்ற இடத்தை நோட்டில் காலியாக விட்டார்.

ஜமீர் போன ஒன்பதாம் நாள் தந்தி வந்தது. ஷகிலா பத்தாவது படித்தவள். நின்றபடியே இரண்டு முறை படித்தாள். "வண்டி ரிப்பேராம் மாமி. பார்ட்ஸ் வர நாளாகுமாம்" என்றாள். தந்தியை நான்காக மடித்துக் கிளாஸுக்கு அடியில் வைத்தாள். அன்றிலிருந்து அவள் வாசலைத் தாண்டவில்லை. டீக்குக் காவல் இருக்கிறாள் என்றது தெரு. பூ வைக்கவில்லை; வாசனை டீயில் ஏறிவிடும் என்றாள். வளையல்களைக் கழற்றினாள், கிளாஸில் இடித்துவிடும் என்றாள். மை இடாததற்கு யாரும் காரணம் கேட்கவில்லை. தண்ணீர் லாரி வந்தால் ரோஷன் பீதான் குடத்தோடு ஓடினார்.

பக்கத்து வீட்டு வஹிதா போன வருடம்தான் கணவரை இழந்து, தங்கள் முறைப்படி நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்தவள். அப்போது தெருவே அவளுக்காக நாள் எண்ணிச் சோறு கொடுத்தது. அவளுக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. டீ சூடாக இருந்தது. "காவக்காரி, ஒரு எட்டு வெளிய வந்துட்டுப் போடி. டீக்கு காலா மொளச்சிருக்குது?" என்று கேலி செய்தாள். ஷகிலா சிரித்தாள். எல்லாரும் போன பிறகு அவளும் கிளாஸை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். நூறு எண்ணுவாள். அன்றன்றைக்கு அவளுக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

நூற்று முப்பத்தேழாம் நாளுக்கு மறுநாள் காலை தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. ஷகிலா குடத்தை எடுத்து இடுப்பில் வைத்து வாசலைத் தாண்டினாள். எதிரே நின்ற வஹிதா அவளுடைய வெறும் கைகளைப் பார்த்தாள். விரல்களை மடக்கி எண்ணினாள். பிறகு தன் குடத்தைக் கீழே வைத்தாள்.

ரோஷன் பீ கிளாஸோடு வாசலுக்கு ஓடிவந்தார். ஆவி அவர் மோவாயில் பட்டுக்கொண்டிருந்தது. "எங்கடி கெளம்பிட்ட? அவன் வந்து டீ கேட்டா யாருடி குடுப்பா?"

"கிளாஸ கெட்டியா புடிச்சுக்குங்க மாமி" என்றாள் ஷகிலா. "தந்தியில ரிப்பேருன்னு இல்லீங்க. அவரு போன ஏழாம் நாளே வண்டி கவுந்து செத்துட்டாரு. அங்கியே அடக்கம் பண்ணிட்டாங்க. என் இத்தா நேத்தோட முடிஞ்சுதுங்க."