வலது பக்கத்து நாலாவது இலை

நகை வரைகிறவர்களுக்குக் கற்பனை எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால் சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பதின்மூன்று வருடமாக அவளுடைய கற்பனை முதலாளியின் செல்போனிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. எதிர்க்கடைக் கண்ணாடிப் பெட்டியை ஒளிந்து நின்று எடுத்த படம் ஒன்று, அவள் பல் துலக்குமுன் வந்து விழும். கூடவே முதலாளியின் குரலும் வரும். "இதே மாதிரி வேணும்மா. ஆனா இதே மாதிரி தெரியக்கூடாது."

அவளும் ஒரு பூவைக் கழற்றி, ஒரு பறவையின் தலையை அந்தப் பக்கம் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அதற்கப்புறம் விளம்பரப் பிரிவுக்காரி வருவாள். எந்த நகையைக் காட்டினாலும் அட்டையில் 'நிலவொளியில் நனைந்த பெண்மை' என்று எழுதுகிறவள். பெண்மை எத்தனை தடவைதான் நனையும், சளி பிடிக்காதா என்று சின்னவள் ஒரு நாள் கேட்டே விட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ஒரே ஒரு கழுத்து மாலை மட்டும் முழுக்க முழுக்க அவளுடையது. வரைகிற அறையின் ஜன்னலுக்கு வெளியே, கழிவுநீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு கொடி ஏறியிருந்தது. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. குழாய் கசிகிற இடத்தில் மட்டும் இலைகள் கொழுத்து, ஒன்றின் தோளில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். மூன்று வாரம் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். கழுத்தில் போட்டால் இலை புரளக்கூடாது, முடி மாட்டக்கூடாது என்று ஒவ்வொரு இலைக்குப் பின்னாலும் இரண்டு வளையம் வைத்தாள். விளம்பரப் பிரிவுக்காரி அதற்கு 'வனதேவதையின் மூச்சு' என்று பெயர் வைத்தாள். கழிவுநீர்க் குழாயின் மூச்சு எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மாலை நன்றாகவே விற்றது. இரண்டே மாதத்தில் எதிர்க்கடைப் பெட்டியிலும் அதே மாலை தொங்கியது. அடுத்தவன் சரக்கைச் சுட்டே பிழைக்கிறவர், தன் சரக்கு களவு போனதென்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வார்? முதலாளி வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

இதையெல்லாம் சின்னவள் சகித்துக்கொண்டாள். அக்காவைத்தான் சகிக்க முடியவில்லை. அக்கா வங்கியில் பெரிய நாற்காலியில் இருப்பவள். தங்கச்சி என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "நகைக்கடையில இருக்கா" என்பாள். தோண்டித் துருவிக் கேட்டால், "சும்மா படம் வரைவா" என்பாள். 'நல்லா வரைஞ்சிருக்கே' என்று அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று சின்னவளுக்கு நாற்பது வயதிலும் ஏக்கம் அடங்கவில்லை. வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார்களே என்று போனாள். கதவைத் திறந்த அக்காவின் கழுத்தில் அந்த மாலை இருந்தது.

"எப்படிடி இருக்கு? கல்யாண நாளுக்கு மாமா வாங்கிக் கொடுத்தாரு. கண்ணை எடுக்க முடியல, இல்ல?"

சின்னவள் மாலையைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "அக்கா, இது நான் வரைஞ்சது."

"உனக்கு எதைப் பாத்தாலும் நீ வரைஞ்சதுதான். இது யாரோ வெளிநாட்டுக்காரர் டிசைனாம். உங்க எதிர்க்கடையிலதான் வாங்கினாரு, அங்கேயே சொன்னாங்க."

சாப்பாட்டு மேஜையில் இருந்த மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இந்த வீட்டில் நிம்மதியாக வாழும் வழி அவருக்குத் தெரியும்.

"வலது பக்கம் நாலாவது இலையைத் தடவிப் பாரு," என்றாள் சின்னவள். "மத்த எல்லாத்துலயும் நரம்பு மேடா இருக்கும். அதுல மட்டும் பள்ளமா இருக்கும். நான் அதை வரையறப்பதான் நீ போன் பண்ணி, சோபா துணி என்ன கலர்ல எடுக்கலாம்னு முக்கால் மணி நேரம் பேசினே. அந்த இலையைக் கவுத்துப் போட்டுட்டேன். அச்சு வந்தப்புறம்தான் பாத்தேன். யாரு பாக்கப்போறாங்கன்னு எங்க முதலாளி விட்டுட்டாரு. திருட்டுப் பசங்க, அந்தத் தப்பையும் சேத்தே திருடியிருக்காங்க!"

அக்கா தடவினாள். மூன்றாவதைத் தடவினாள், மறுபடி நாலாவதைத் தடவினாள். முகம் மாறியது. இதோ வரப்போகிறது என்று சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் இத்தனை பேச்சில் அக்காவின் காதில் விழுந்தது 'பள்ளம்' என்ற ஒன்றுதான்.

"ஏங்க! பில்லை எங்க வெச்சீங்க? பழுதான பொருளை நம்ம தலையில கட்டிட்டான்!" தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள். "கிளம்புடி. நீயே வந்து அவன்கிட்ட எடுத்துச் சொல்லு."

சின்னவளும் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். தான் வரைந்த மாலை மட்டமானது என்று தானே சாட்சி சொல்லப் போகிறோம் என்பது பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது.

கடையில் விற்பனைக்காரன் மாலையை வெல்வெட் தட்டில் கிடத்தி, நாலாவது இலையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தான். ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை.

"இது பழுது இல்ல மேடம். டிசைனே இதுதான். இயற்கையில எல்லா இலையும் ஒரே மாதிரியா இருக்கு? காத்துல ஒரு இலை திரும்பும் பாருங்க, அந்த ஒரு நொடியைப் பிடிச்சிருக்காரு. இதுக்காகவே அவர் ஒரு வருஷம் காட்டுல போய் இருந்தாராம்."

"அது அவர் இல்ல, நான்," என்றாள் சின்னவள். "காடும் இல்ல. கழிவுநீர்க் குழாய்."

விற்பனைக்காரன் அவளைப் பார்த்துப் பரிவாகச் சிரித்துவிட்டு, குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டான். அக்கா தங்கையின் காலை மிதித்தாள். "மானத்தை வாங்காதே." பிறகு கண்ணாடி முன் நின்று மாலையை அணிந்துகொண்டு, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "ஆமாங்க, காத்துல திரும்புற மாதிரியேதான் இருக்கு. எவ்வளவு நுணுக்கம்!"

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்காதான் கார் ஓட்டினாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று சின்னவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா கெட்டவள் இல்லை. சிக்னலில் வண்டி நின்றபோது தங்கையின் முகத்தைப் பார்த்தாள், மனசு இளகிவிட்டது. தோளில் தட்டிக்கொடுத்தாள்.

"பொறாமைப்படாதடி. விடாம வரை. நீயும் ஒரு நாள் இந்த மாதிரி ஒண்ணு வரைவே."