தந்தப் பிடி

தவசிமுத்து அப்பாவின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது, அக்கா பரிபூரணம் உள்ளறையிலிருந்து கூப்பிட்டாள். அழுகிற குரலாக இல்லை.

புது வேட்டி எடுக்கப் போனவள் அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அந்த வெள்ளைப் பிடி கத்தியைக் காணலலே."

அப்பா காசிராஜன் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ராஜபாளையத்தில் பஞ்சு ஏற்றி மலை தாண்டிப் போவார். போன ஊரிலெல்லாம் ஒரு மடக்குக் கத்தி வாங்குவார். அலகைக் கண்டுகொள்ள மாட்டார். பிடிதான் அவருக்கு முக்கியம். எருமைக் கொம்பு, கருங்காலி, மாட்டெலும்பு, பித்தளை. ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி, ஊரும் பிடியும் வருஷமும் எழுதிய சீட்டைச் செருகி வைப்பார். நாற்பத்தொரு கத்தியில் ஒன்றுதான் யானைத் தந்தம். பால் ஏடு நிறம். சின்ன வயதில் பரிபூரணம் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள், குளுகுளுவென்று இருக்கும் என்று. நாலு வருஷமாக, தவசிமுத்து வந்தாலே அப்பா பெட்டியை மூடிவிடுவார். இவனும் ஏனென்று கேட்டதில்லை.

"காலையில யாரு இந்த ரூமுக்குள்ள வந்தா?" என்றான் தவசிமுத்து.

"சாகுல் மாமாதான். செத்த நேரம் தனியா இருக்கேன்னு கதவைச் சாத்துனாரே, மறந்துட்டியா?"

சாகுல் ஹமீது அப்பாவோடு கிளீனராக ஏறி, பிறகு டிரைவரானவர். இப்போது வாசலில் பாடைக்கு மூங்கில் பிடித்துக்கொண்டிருந்தார். தோளில் ரெக்ஸின் பை. பாடையைத் தூக்கும்போதும் அதைக் கழற்றவில்லை.

மடவார் வளாகத்து வீட்டிலிருந்து சுடுகாடு வரைக்கும் தவசிமுத்து அந்தப் பையைப் பார்த்தபடியே நடந்தான். கொள்ளிக்குடத்தோடு மூன்றாவது சுற்று வரும்போதும் அவன் கண் கூட்டத்தில் அதைத்தான் தேடியது. முகத்தை மூடும் முன் கடைசியாகப் பார்த்துக்கோ என்றார்கள். பார்த்தான். என்ன பார்த்தான் என்று பிறகு நினைவுக்கு வரவில்லை.

குளித்த ஈரம் காயாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். சாகுல் ஹமீது ராஜபாளையம் பஸ்ஸுக்காகத் தனியாக நின்றிருந்தார்.

"மாமா, பையைத் திறங்க."

அவர் கோபப்படவில்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஜிப்பை இழுத்து, துண்டை விலக்கிக் காட்டினார். கத்தி இருந்தது. சீட்டில் அப்பாவின் கையெழுத்து: புனலூர், தந்தம், 1971.

"உனக்கு பாரஸ்ட் ஆபீசுல வேலை கெடச்ச அன்னைக்கே சொன்னாரு மாப்ள. இது வீட்ல இருக்கிறது தெரிஞ்சா உன் வேலைக்குக் கேடு. இருக்கிற வரைக்கும் என்னால விட ஏலாது, நான் போனதும் சாகுலு, நீ எடுத்துட்டுப் போயி கண்மாயில போட்ருன்னாரு."

பிடிபட்ட மான்கொம்பையும் தந்தத்தையும் ஆபீஸ் பதிவேட்டில் எழுதுகிறவன் தவசிமுத்து.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ ஆபீசுல சொல்லணும். சொல்லாட்டி தப்பு உன் மேல. அதான்."

"இப்ப தெரிஞ்சிருச்சு."

சாகுல் ஹமீது பையை அவன் பக்கம் நீட்டியபடி நின்றார். பஸ் வந்து திரும்பியது. கண்டக்டர் படியைத் தட்டினார்.

தவசிமுத்து துண்டை இழுத்துக் கத்தியை மூடினான். ஜிப்பையும் இழுத்து, வாரை அவர் தோளில் மாட்டிவிட்டான்.

"அக்காவுக்குத் தெரிய வேண்டாம்" என்றார் அவர். "ஆத்தமாட்டாம நாலு பேருகிட்ட சொல்லிரும். நான் எடுத்ததாவே இருக்கட்டும்."

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர் இரண்டு கைகளையும் பைமேல் வைத்துக்கொண்டார். இவன் பக்கம் திரும்பவில்லை.

வீட்டில் சம்பந்தக்காரர்கள் சோறு கொண்டுவந்திருந்தார்கள். பரிபூரணம் அவனுக்கு இலை போட்டாள்.

"கேட்டியா?"

"பஸ் போயிருச்சுக்கா."

"எனக்கு அப்பவே தெரியும். அப்பாவோட ஒரே தட்டுல தின்ன மனுசன். காரியத்துக்கு அவருக்குச் சொல்லி விடாத, ஆமா."

அவன் சோற்றில் குழி பறித்தான். அவள் ரசத்தை ஊற்றினாள். குழி நிறைந்து, இலையின் ஓரம் தாண்டி, தரையில் ஓடி அவன் வேட்டியைத் தொட்டது. போதும் என்று அவன் சொல்லவில்லை.