ஆண் புழுவுக்காகக் காத்திருந்த மழைக்காலம்

எங்கள் ஆராய்ச்சிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஃபார்மலின் நெடி மூக்கில் ஏறுவதுபோல் இருக்கும். அந்த நெடிக்காகவும் ஒருநாள் மனசு ஏங்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஒரு மழைக்காலத்தில், கடத்தல்காரர்களிடம் பிடித்த ஆற்று ஆமைகளை வனத்துறையினர் சாக்கோடு கொண்டுவந்து எங்கள் துறையில் இறக்கினார்கள். பெரும்பாலானவற்றை மறுநாளே ஆற்றில் விட்டாயிற்று. இரண்டு வழியிலேயே செத்திருந்தன. ஒன்று குற்றுயிராகக் கிடந்தது.

செத்தவற்றை அறுத்துப் பார்ப்பது என் வேலை. இரைப்பைச் சுவரில் தலையைப் புதைத்துக்கொண்டு நூல் நூலாக உருளைப்புழுக்கள். ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். உதட்டோரம் இருந்த பற்களின் அமைப்பு நான் படித்த எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. உலகத்தில் யாருமே இதுவரை பேர் வைக்காத ஓர் உயிர்!

ஆனால் கிடைத்த அத்தனையும் பெண். புது இனம் என்று எழுத ஆண் வேண்டும். ஆண் புழுவின் வாலில் இரண்டு முட்கள் உண்டு. இனத்துக்கு இனம் மாறுவது அந்த முட்கள்தான்.

"அந்த மூணாவது ஆமை எப்படியும் பிழைக்காது. அறுத்துப் பாத்துடும்மா," என்றார் பேராசிரியை.

கத்தியை எடுத்தேன். அது கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தது. கத்தியை வைத்துவிட்டு, ஆமையை வாளியில் போட்டுக்கொண்டு, நான் தங்கியிருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன்.

குளியலறைத் தொட்டியைப் பார்த்த அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஆமை புகுந்தாச்சு. இனி அமீனா வரவேண்டியதுதான் பாக்கி."

மறுநாள் மாலை, நான் சொல்லி அனுப்பியதன்பேரில், கால்நடை மருத்துவமனையிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். ஒல்லியாக, சட்டையெல்லாம் சாணிக் கறையோடு. ஆமையைப் புரட்டிப் பார்த்தார்.

"வயித்துல புழு மண்டிக் கிடக்கு. அதான் இரை எடுக்கல. மருந்து குடுத்தா பிழைச்சுக்கும். ஏங்க, உங்க மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"புழு செத்துடுமே டாக்டர்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "புழுவுக்குத் துக்கம் கொண்டாடுற ஆளை இப்பத்தான் பாக்கறேன். செத்தா எங்கங்க போகும்? வெளியதானே வரணும்? வடிகட்டிப் பிடிங்க."

அன்றிலிருந்து தினமும் காலையில் தொட்டித் தண்ணீரை வடிகட்டுவேன். அக்காவின் டீ வடிகட்டி போன இடம் அவளுக்கு வெகுநாள் தெரியாது. வந்த புழுக்களில் பாதி சிதைந்திருக்கும். மீதி பெண்ணாக இருக்கும். டாக்டர் மாலையில் வந்து ஆமையை எடை போட்டுவிட்டு, அக்கா தரும் டீயைக் குடித்துவிட்டுப் போவார். எடை பார்க்க ஒரு நிமிஷம், டீ குடிக்க ஒரு மணி நேரம்.

"ஆமைகூடச் சேந்து இவரும் நிதானமாயிட்டாரு," என்பாள் அக்கா, என்னைப் பார்த்து.

ஒருநாள் வடிகட்டியில் சின்னதாக, வால் சுருண்ட புழு ஒன்று. ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஓடினேன். நுண்ணோக்கியில் இரண்டு முட்களும் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. உடனே மருத்துவமனைக்குப் போன் செய்தேன்.

"ஆண்! ஆண்!" என்று கத்தினேன்.

"அதெப்படிங்க தெரியும்? கன்னுக்குட்டி இன்னும் தலையே வெளிய வரலையே!"

அவர் ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அதன்பிறகு வேறு சில ஆண்களும் கிடைத்தன. ஆமை இரை எடுக்க ஆரம்பித்தது. மழை விட்டதும் ஸ்கூட்டரில், எங்கள் இருவருக்கும் நடுவில் வாளியை வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனோம். கரையில் விட்டதும் அது திரும்பிக்கூடப் பார்க்காமல் தண்ணீருக்குள் போய்விட்டது.

"புழுவுக்கு என் பேரை வைக்கலாமே. மருந்து குடுத்தது நான்தானே?" என்றார்.

"வைக்கலாம். ஆனா பிள்ளை பேரைப் புழுவுக்கு வெச்சவளை உங்கம்மா மருமகளா ஏத்துக்குவாங்களா?"

வாயிலிருந்து வந்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது. அவர் காலி வாளியை எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார்.

"அப்ப வேற பேரா வெச்சுடுங்க," என்றார்.

அந்தக் குட்டை முள்ளை வைத்தே பேர் வைத்தேன். கட்டுரை அச்சாகி வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி, மாமியாரோடு வேறு வீட்டுக்குக் குடிபோயிருந்தோம். இவர் கூடத்தில் உட்கார்ந்து, அம்மாவுக்கு ஒரு வரி விடாமல் மொழிபெயர்த்துப் படித்தார். உதடு, பல், முள், முட்டை எல்லாவற்றையும் அத்தை கன்னத்தில் கை வைத்தபடி பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா," என்றார் கடைசியில். "அந்த ஆமை நல்லாருக்குல்ல?"

அதுவரை அந்தக் கேள்வியை வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"நல்லாருக்கும் அத்தை," என்றேன்.