ஆகாத எண்ணில் ஒரு முகவரி

துவான் முதலாளியின் பட்டறையில் நான்காம் நம்பர் லேத் கிடையாது. மூன்றுக்கு அடுத்தது ஐந்து. மாடி ஏறினாலும் மூன்றாம் தளத்துக்கு மேலே ஐந்தாம் தளம்தான். நடுவில் இருந்ததை யாரோ சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்கள் போலும். தைவானின் தைச்சுங் ஊரில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. சீன மொழியில் நான்கும் சாவும் காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும்; அதனால் நான்கு சாவுக்குரிய எண், அதோடு சங்காத்தம் வேண்டாம் என்று ஆஸ்பத்திரி முதல் சோயாப்பால் கடை வரை முடிவு செய்தாகிவிட்டது. யுன்-சிக்கு மட்டும் அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வராத விஷயம் எது என்று கேட்டால் சொல்வது கஷ்டம். பட்டறையில் இருக்கிற கம்ப்யூட்டர் லேத்துகளுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவள் அவள்தான். கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை மற்றவர்கள் மறந்துவிடாதபடி நாள்தோறும் ஞாபகப்படுத்துகிறவளும் அவள்தான். லேத் ஓட்டுகிறவர்கள் அவளுக்கு மாடுகள். முதலாளி சோழியை நம்பும் சோம்பேறி. முதலாளியுடைய மனைவியின் தம்பி மகன் பாங், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பூசணிக்காய். மதியச் சாப்பாட்டுப் பெட்டியைப் பிரித்துவிட்டால் போதும், பட்டறை மூலையில் பூமிசாமி மாடத்தின் எதிரே இருக்கும் தன் மேசையில் உட்கார்ந்து, முதலாளி மாதிரி இருமிக்காட்டி, பாங் மாதிரி நடந்துகாட்டி, எந்த மாடு எங்கே போய்த் தூங்கியது என்பது வரை கதை சொல்லி ஒரு கச்சேரியே நடத்துவாள். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அல்லது வாயில் சோறு இருக்கிறதென்று சும்மா இருப்பார்கள்.

அன்றைக்கு ஜப்பானிலிருந்து நாகாசே என்பவர் வருவதாக இருந்தது. புது லேத் ஓடுவதைப் பார்த்து, பிடித்திருந்தால் மொத்தமாக வாங்கிப்போவார். அவருடைய தலைமை அலுவலகமும் நகோயாவில் உட்கார்ந்தபடி இணையத்தில் பார்க்கப் போகிறது. காலையில் முதலாளி யுன்-சியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இன்னிக்கு நல்லபடியா முடிச்சுக் குடும்மா. பிரிவுத் தலைவர் நாற்காலி காலியா கெடக்கு. உனக்கா பாங்குக்கான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்."

அந்த நாற்காலிக்காக அவள் ஒன்பது வருஷமாகக் காத்திருந்தாள். வெளியே சொன்னதில்லை. கேட்டால், "யாருக்கு வேணும் அந்த மாட்டுக்காரன் வேலை?" என்பாள். ஆனால் வேண்டும். மிகவும் வேண்டும்.

சிக்கல் ஒன்றுதான். லேத்தோடு பேச அவளுடைய மடிக்கணினிக்கு மாறாத ஒரு முகவரி, அதாவது ஐ.பி. எண், வேண்டும். லேத் தன் தெருவில் குடியிருப்பவர்களோடு மட்டும்தான் பேசும். நகோயாவோடு பேசவோ, அலுவலகத்து ரவுட்டர் அன்றன்றைக்குக் கொடுக்கிற மாறும் முகவரி வேண்டும். வைஃபை அந்த இரும்புக் காட்டுக்குள் வராது. மடிக்கணினியில் கம்பி செருக இருப்பதோ ஒரே ஒரு துளை.

"நடக்காதுக்கா" என்றான் பாங். "ஒண்ணு நிலையா இருக்கணும், இல்லேன்னா மாறணும். கல்யாணமும் ஆகணும், பிரம்மச்சாரியாவும் இருக்கணும்னா எப்படி? ரெண்டு கம்ப்யூட்டர் வச்சிடலாம்."

"உனக்கு ரெண்டு தலை வச்சாலும் பத்தாதுடா. தள்ளு."

திரையில் வரும் பெட்டி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றுதான் கேட்கும். பாங்கின் படிப்பு அந்தப் பெட்டியோடு முடிந்துவிட்டது. யுன்-சி கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரி கட்டளை அடித்தாள். மாறும் முகவரி இருந்தபடி இருக்க, அதே கம்பியில் மாறாத முகவரியும் வந்து குடியேறியது. ஊரில் சொந்த வீடும் வேலைக்கு வந்த இடத்தில் வாடகை அறையும் வைத்திருக்கிறவர்கள் எத்தனையோ பேர். கம்பிக்கு மட்டும் என்ன கேடு?

மாறாத முகவரியின் கடைசி எண்ணாக அவள் போட்டது நான்கு. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த பாங்குக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, இன்னிக்குப் போயா? வேற நம்பரே கெடைக்கலியா?"

"உங்க மாமா ஜோசியரைக் கேட்டு, முதல் லேத்துக்கு நூத்து அறுபத்தெட்டு, அடுத்ததுக்கு எம்பத்தெட்டு, அதுக்கடுத்து அறுபத்தாறுன்னு நல்ல நம்பரையெல்லாம் வாரி விட்டுட்டாரு. எவன் எங்க இருக்கான்னு ஒரு குறிப்பு உண்டா இந்தப் பட்டறையில? நாலு எப்பவும் காலி. பயந்தவன் விட்டுட்டுப் போற எடம் எனக்கு."

இது அவளுடைய பழைய சூத்திரம். இந்த ஊரில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் நான்கில் யாரும் இருக்கமாட்டார்கள். இங்கே இதுவரை அவள் லேத்தின் வயிற்றிலேயே நேராகக் கம்பியைச் செருகி வேலை பார்த்திருந்ததால் அதைச் சோதித்துப் பார்க்கும் அவசியம் வரவில்லை. இப்போது சோதித்தாள். நான்கில் யாரும் பதில் சொல்லவில்லை. நகோயாவும் தெரிந்தது, லேத்தும் தெரிந்தது.

நாகாசே வந்தார். குனிந்தார், எல்லோரும் குனிந்தார்கள். முதலாளி அவரை நேரே பூமிசாமி மாடத்துக்கு அழைத்துப் போனார். விருந்தாளிக்காகக் காலையிலிருந்து மாடத்தைத் துடைத்து, விளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். ஐந்தாம் லேத் ஓட்டும் ஜின், ஆரஞ்சுப் பழங்களை அடுக்கிவிட்டு ஒதுங்கினார். முதலாளி தம் கையாலேயே சிவப்பு விளக்கின் பிளக்கைச் செருகி, ஊதுபத்தி ஏற்றி, கண்ணை மூடி மும்முறை வணங்கினார்.

அவர் கண்ணைத் திறப்பதற்குள் சுவரின் பெரிய திரையில், நகோயாவுக்குப் போய்க்கொண்டிருந்த லேத்தின் படம் உறைந்து நின்றது. மடிக்கணினியில் ஒரு வாசகம் வந்தது: இந்த முகவரியில் வேறொருவர் இருக்கிறார்.

"நாலு!" என்று கத்தினான் பாங். அவனுடைய படிப்பெல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்து நின்றது. "நான் அப்பவே சொன்னேன் மாமா! சாமி முன்னாடி நாலைப் போட்டா? அக்கா, நூத்து அறுபத்தெட்டு போடுங்க, சீக்கிரம்!"

நூற்று அறுபத்தெட்டில் முதல் லேத் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. அதைப் போட்டால் அதுவும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். இதை விளக்குவதைவிடச் சுவரில் முட்டிக்கொள்வது மேல் என்று யுன்-சிக்குத் தோன்றியது.

"போட்டாச்சு" என்றபடி பதினான்கைப் போட்டாள். படம் அசைந்தது. லேத் பாடிக்கொண்டே எஃகை மெல்லிய சுருளாக உரித்தது. நாகாசே கடைசல் முடிந்த துண்டைக் கையில் வாங்கி, நகத்தால் தடவிப் பார்த்து, தலையை ஆட்டினார். பாங் எல்லோரிடமும், "நம்பரை மாத்தினதும் எப்படிச் சரியாச்சு பார்த்தீங்களா?" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மாடுகள் தலையாட்டின.

விருந்தாளியை அழைத்துக்கொண்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். யுன்-சி போகவில்லை. விளக்கைச் செருகியதும் எழுந்து வந்தவன் யார்? நான்கில் குடியிருக்கத் தன்னைத் தவிர இந்த ஊரில் யாருக்குத் துணிச்சல்? அந்த முகவரியை அடித்துத் திறந்தாள்.

திரையில் ஒரு பெண்ணின் முகம், மடிக்கணினியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது. அது தன்னுடைய முகம் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நிமிர்ந்தாள், திரையில் இருந்தவளும் நிமிர்ந்தாள். எதிரே ஆரஞ்சுப் பழங்களுக்கு மேலே, தாடி வைத்த பூமிசாமி சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய தோளுக்குப் பின்னால், விளக்கின் சிவப்புக்குள் பொத்தான் அளவுக்கு ஒரு கண். திரையின் கீழே சின்னதாக ஒரு ஒலிவாங்கிப் படமும் இருந்தது.

மாலையில் முதலாளி கூப்பிட்டனுப்பினார். அறையில் ஊலாங் தேநீர் வாசனை. அவரே ஊற்றிக் கொடுத்தார்.

"நாகாசே கையெழுத்துப் போட்டுட்டாரு. நாற்காலி உனக்குத்தான்."

"நாலுல இருக்கறது உங்க கேமராவா?"

முதலாளி கொஞ்சம்கூட அசரவில்லை. பூசணி விதையைக் கடித்துத் தோலைத் துப்பினார்.

"புத்தாண்டு லீவுல வச்சது. நாலுல வைங்கடான்னு நான்தான் சொன்னேன். இங்க ஒருத்தனும் தொடமாட்டான் பாரு."

"அப்ப உங்களுக்கு நாலு பயமில்ல?"

"பயந்தா தொழில் நடக்குமா? பயப்படறவன் எங்க காலை வைக்கமாட்டான்னு தெரிஞ்சு வச்சுக்கணும். நீயும் அதைத்தானே செஞ்சே? நம்ம ரெண்டு பேர் புத்தியும் ஒண்ணும்மா." அவர் சிரித்தார். "நீ என்னை மாதிரி இருமறியே, நெசமாவே நல்லா இருக்கு. என் வீட்டுக்காரியும் கேட்டுட்டுச் சிரிச்சா."

யுன்-சியின் காது சுட்டது.

"இனிமே அந்தப் படம் உன் மேசைக்கு வரும். தலைவருன்னா அதையும் பார்த்துக்கணும். சொல்லப்போனா, கேமராவை வச்சதுல எனக்கு ஒரு லாபமும் இல்ல. அவனுங்க எல்லாம் அது முன்னாடி புத்தர் மாதிரி வேலை பார்க்கறானுங்க. ஒரு வார்த்தை பேசறதில்ல. ஜின் பெயின்ட் ரூம்ல போய்த் தூங்கறது எனக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னதுதான். எவன் துண்டைக் கெடுத்துட்டு ஒளிச்சு வைக்கறான், எவன் வேற பட்டறைக்கு நேர்காணல் போயிட்டு வந்தான், எல்லாம் நீ சொன்னதுதான். நிலாப் பண்டிகைக்கு யாருக்கு போனஸ் வெட்டணும்னு எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கல. அவங்களை மாடுங்கறே. மாட்டை மேய்க்க உன்னைவிட யாரு?"

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. போனஸ் வெட்டப்பட்ட அன்று ஜின் வெறும் கையோடு வீட்டுக்குப் போனதையும், "தூங்குமூஞ்சிக்கு அதுவே அதிகம்" என்று தான் சொன்னதையும் நினைத்தாள். அதையும் இவர் கேட்டிருப்பார்.

"நாற்காலியைப் பாங்குக்கே குடுத்துடுங்க, முதலாளி. சாப்பிட்டதும் தூங்கிடுவான். எங்களுக்கும் நிம்மதி."

"எங்களுக்கா? உனக்கும் அந்த மாடுங்களுக்கும் என்ன ஒட்டு உறவு?"

அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அவர் தடுக்கவில்லை. "பாங்கை வரச்சொல்லிட்டுப் போ" என்றார், அவ்வளவுதான்.

கீழே ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். யுன்-சி நேராக ஜின்னிடம் போனாள். மாடத்தைக் கைகாட்டி, கேமராவுக்கே நன்றாகக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

"ஜின் அண்ணே, அந்தச் சாமிக்குப் பின்னாடி கேமரா இருக்கு. பேசறதையும் கேக்கும். எல்லாரும் பார்த்து இருங்க."

குழாயடியில் யாரும் திடுக்கிடவில்லை. ஒருவன் சோப்பை அடுத்தவனிடம் நீட்டினான். ஜின் கையைத் துடைத்துக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வச்ச மறுநாளே தெரியும்மா. தெனம் ஊதுபத்தி வைக்கறவனுக்கு சாமி தோள்ல என்ன இருக்குன்னு தெரியாதா? நீதான் அந்தப் பக்கம் ஒருநாளும் தலை குனிஞ்சதில்லையே."

"தெரிஞ்சும் ஏன்ணே என்கிட்ட சொல்லல?"

"உனக்கும் தெரியும்னுதான் நினைச்சோம்." ஜின் துண்டை உதறித் தோளில் போட்டார். "தெரிஞ்சுதான் அது முன்னாடி உக்காந்து எங்களைப் பத்தி அவ்வளவும் சொல்றேன்னு நினைச்சோம்."