அப்பா நிரப்பிய தோட்டாக்கள்

"இத்தனை நாளா தோட்டாவை நிரப்பியே வெச்சிருந்தா ஸ்பிரிங் செத்துப்போயிராதா? நீயாவது உங்கம்மாகிட்டச் சொல்லக் கூடாதாடி?" என்று வெர்ன் பெரியப்பா என்னைக் கேட்டார்.

அவர் அப்பாவின் அண்ணன். அமெரிக்காவில், எங்கள் ஐடஹோ மலைப்பக்கத்தில் ஒரு வீட்டில் ஆண் செத்துப்போனால், அவனுடைய துப்பாக்கிகளைப் பார்த்துக்கொள்வது உடன்பிறந்தவனின் கடமை. விறகு பிளந்து தர வரமாட்டார்கள். இதற்கு மட்டும் தவறாமல் வருவார்கள். பெரியப்பா, துப்பாக்கிக்குள் செருகும் தோட்டாக்கூடுகளான தன் மேகசின்களை மாதாமாதம் காலி செய்து, தோட்டாவை மேலே தள்ளும் ஸ்பிரிங்குக்கு ஓய்வு கொடுத்து, மறுபடி நிரப்புகிறவர். எங்களையும் அப்படிச் செய்யவைக்கத்தான் வந்திருந்தார்.

அப்பாவின் கைத்துப்பாக்கி, பாத்திரம் துடைக்கும் துணிகள் வைக்கும் இழுப்பறையில் இருந்தது. கோழிக்கூண்டைக் கரடி சுற்றிக்கொண்டிருந்த வாரம், மரம் வெட்டப் புறப்படும்முன் அப்பா சமையலறை மேசையில் உட்கார்ந்து, கட்டைவிரலால் ஒவ்வொரு தோட்டாவாக அழுத்தி அதன் மேகசினை நிரப்பினார். துப்பாக்கியில் செருகி உள்ளே வைத்துவிட்டுப் போனார். மதியம் வெட்டிய மரம் தப்பான பக்கம், அவர்மேலேயே சாய்ந்தது. வீட்டில் அவர் கை கடைசியாகச் செய்த வேலை, அந்த மேகசினை நிரப்பியதுதான். அம்மா அதை யாரையும் தொடவிட்டதில்லை. சில காலைகளில் மேகசினைக் கழற்றி, உள்ளங்கையில் அதன் கனத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பப் பொருத்தி மூடிவைப்பாள்.

இதைப் பெரியப்பாவிடம் அவள் சொல்லமாட்டாள். சொன்னால் அடுத்த ஞாயிறு சர்ச் வாசலில் அதுதான் சிரிப்பாக இருக்கும்.

"அது பாட்டுக்குக் கிடக்கட்டும், வெர்ன். காபி ஆறுது பாருங்க," என்றாள் அம்மா.

"கிடக்கட்டும்னா? நாளைக்கு ஒருத்தன் கதவை உடைச்சிட்டு வர்றான்னு வெச்சுக்க. முதல் குண்டு வெடிக்கும், ரெண்டாவது மேல ஏறாது. அப்ப என்ன, கேசரோலைத் தூக்கி அவன் மூஞ்சில எறிவியா?"

"உங்க பொண்டாட்டி சமைச்சு அனுப்பிச்ச கேசரோலை எறிவேன். அந்த வாடைக்கே ஓடிப்போயிருவான்."

பெரியப்பா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து போய் இழுப்பறையை இழுத்துத் துப்பாக்கியை எடுத்தார். அம்மாவின் கை ஈரத்துணியோடு நின்றுவிட்டது.

பெரியவர்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அன்று வந்தது.

"ஸ்பிரிங் கெட்டுப்போகாது, பெரியப்பா."

"பார்றா! பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவ எனக்குப் பாடம் எடுக்கிறா."

"அமுங்கியே கிடந்தா ஸ்பிரிங் சோராது. அமுக்கி, விட்டு, திரும்ப அமுக்கினாத்தான் தளரும். மாசாமாசம் ஓய்வு குடுக்கிறீங்களே, போன வருஷம் எல்லார் முன்னாடியும் சுடும்போது தோட்டா சிக்கிக்கிச்சே, அது யாரோட துப்பாக்கி?"

அவருடைய காது சிவந்தது. வாதத்தில் தோற்றால் வாயை மூடிக்கொண்டு துப்பாக்கியை இழுப்பறைக்குள் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் ஊர் ஆண்கள் இந்த மாதிரி வழக்கை வாயால் தீர்ப்பதில்லை.

"சரிடி. வா, சுட்டே பாத்துருவோம்," என்று துப்பாக்கியோடு கொல்லைக்கதவைத் திறந்தார்.

"வேணாம், வெர்ன்," என்றாள் அம்மா.

"அட, காதைப் பொத்திக்க. ஒரு நிமிஷ வேலை."

"பெரியப்பா, அது அப்பா..." என்று நான் தொடங்கினேன். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மேல் பேச முடியவில்லை.

கோழிக்கூண்டுக்கு அப்பால் இருந்த மண்மேட்டில் ஒரு பழைய பெயின்ட் டப்பாவை வைத்துவிட்டு அவர் சுட ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்றேன், அம்மா படியில். ஒரு தோட்டாவாவது சிக்க வேண்டும், அவர் திட்டிக்கொண்டே நிறுத்த வேண்டும், உள்ளே இரண்டு மூன்றாவது மிஞ்ச வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை. அப்பா அழுத்தி அடுக்கியிருந்த ஒவ்வொரு தோட்டாவும் ஒழுங்காக மேலேறி வெடித்தது. கடைசித் தோட்டாவும் போனபின் காலித் துப்பாக்கியின் மேல்பாகம் பின்னுக்குப் போய், வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"அடி சக்கை! ஸ்பிரிங் புதுசு மாதிரி இருக்கு. நீ ஜெயிச்சிட்டடி!" என்று என் முதுகில் தட்டினார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். தன் கோட்டுப் பையிலிருந்து தோட்டாக்களை எடுத்து, விசிலடித்தபடி மேகசினை நிரப்பி, படிக்குப் போய் அம்மாவிடம் நீட்டினார்.

"இந்தா லோரீன். எல்லாம் புத்தம் புதுத் தோட்டா. இனிமே நிம்மதியாத் தூங்கு."

அம்மா கையை நீட்டவில்லை. இடுப்பிலிருந்த ஏப்ரனை அவிழ்த்துக் கைப்பிடிக் கம்பியில் போட்டாள். அவரைத் தாண்டி, என்னைத் தாண்டி நடந்தாள். பிக்கப் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பெரியப்பா நீட்டிய கையோடு நிற்க, வண்டி சரளைக்கல் பாதையில் இறங்கி நெடுஞ்சாலைப் பக்கம் போய்விட்டது.