கண்ணாடி இறங்கிய ஞாயிறு

ராகேல் கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தபோது ஜன்னல் கம்பியில் பூட்டிய பூதக்கண்ணாடி மறுபடியும் இறங்கியிருந்தது. நேற்று மாலை ஜன்னல் உயரத்தில் நின்றது இப்போது கட்டிலில் கிடந்த அவள் கணவன் முத்துநாயகத்தின் முகத்துக்கு ஒரு சாண் மேலே தொங்கியது. அதனூடே அவனுடைய மூடிய கண் பெரிதாகத் தெரிந்தது. அவள் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தினாள். கையை எடுத்ததும் அது சத்தமில்லாமல் மீண்டும் அவனை நோக்கி இறங்கியது.

"விட்டுருட்டி," என்றான் அவன் கண்ணைத் திறக்காமல். "எனக்க கைக்கு வேலை மறந்துபோச்சு."

ஆலையில் இயந்திரம் பூட்டும் பிட்டராக இருந்தவன். நெஞ்சு நோய் கட்டிலில் தள்ளிய பிறகு ராகேல் மிஷனுக்குப் பின்னிக் கொடுக்கும் ரேந்தை லேசில்தான் வீடு நடந்தது. இப்போது அவளுக்கும் கண் மங்கி, இழைகள் ஒன்றோடொன்று கலந்தன. மிஷனில் ரேந்தை வாங்கும் மிசியம்மா ஒரு பூதக்கண்ணாடி கொடுத்தார். ஆனால் இரண்டு கையாலும் பின்னுகிறவள் அதை எந்தக் கையால் பிடிப்பாள்? முத்துநாயகம் படுத்தபடியே கருங்கல் ஊர்ச் சந்தையில் வாங்கிய பித்தளைப் பட்டைகளை அறுத்து, மூன்று மூட்டு வைத்து, ஜன்னல் கம்பியில் அதைத் தாங்க ஒரு கை பூட்டினான். இழுத்தால் வரவேண்டும், விட்டால் நிற்கவேண்டும். மூட்டுக்கு மூட்டு தகடுகளுக்கு நடுவே பிடிமானத்துக்கு ஒரு தோல் வில்லை. திருகை அதிகம் இறுக்கினால் கை அசையாது, தளர்த்தினால் தொங்கிவிடும்.

வாரம் முழுவதும் சரியாகவே நின்றது. ஞாயிறு வந்தால் இறங்கியது. தோல்தான் தேய்ந்ததென்று எண்ணி, திங்கட்கிழமைதோறும் அவன் அதை மாற்றினான். இன்று அவன் நகங்கள் நீலம் பாரித்திருந்தன.

ராகேல் ஜன்னலோர மூட்டைத் தொட்டாள். விரல் வழுக்கியது. முகர்ந்தாள். தேங்காயெண்ணெய்.

வாசலில் முத்துநாயகத்தின் அக்கா சத்தியபாய் கோயிலுக்குப் புறப்பட்டு நின்றாள். கையில் வேதப்புத்தகமும் குடையும். ஞாயிறு அந்த வீட்டில் ஒரு வேலையும் கிடையாது. அரிசி இடிப்பது, விறகு கீறுவது, கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவது எல்லாம் சனிக்கிழமையே முடிப்பாள்.

ராகேல் விரலைச் சேலையில் துடைத்தாள். சத்தியபாய் அதைப் பார்த்துவிட்டாள்.

"எண்ணெயா?"

"ஒண்ணுமில்ல மைனி."

"நானாக்கும் விட்டேன். கீலுக்கு விடும்போ அதுக்கும் ரெண்டு சொட்டு. கிறுகிறுன்னு சத்தம் கேட்டு இவனுக்க ஒறக்கம் கெடப்பிடாதேன்னு."

முத்துநாயகம் சிரித்தான். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. "அப்போ எனக்க கை தப்பு செய்யல்ல," என்றான்.

"நாளைக்கித் தொடச்சு மாட்டலாம்," என்றாள் ராகேல். அவன் தன் நீல நகங்களைத் திருப்பிப் பார்த்தான்.

கோயிலில் இரண்டாம் மணி அடித்தது. சத்தியபாய் வேதப்புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். குடையைச் சுவரில் சாய்த்தாள்.

"அந்த ஸ்பேனர எடு."

"அக்கா, இன்னைக்கு ஞாயித்துக்கெழம. கோழி முட்டையிட்டாலே நீ அதுகிட்ட பேசமாட்டியே."

"வாய மூடுலே. எப்பிடிக் கழத்தணும், அதச் சொல்லு."

அவன் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான். அவள் தகடுகளைச் சாம்பலால் துடைத்து, புதுத் தோல் வில்லை வைத்துத் திருகினாள்.

"இறுக்கு. இன்னும். கொஞ்சம் தளத்து. போதும்."

ராகேலை முக்காலியில் உட்காரச் சொன்னான். அவள் ரேந்தை பின்னும் தலையணையை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் ஒற்றை விரலால் கண்ணாடியை மெல்லத் தள்ளித் தள்ளி அவள் நூலுக்கு மேலே கொண்டுபோனான். விரலை எடுத்தான்.

மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நின்றது.

"இழை தெரியுதா?"

"தெரியுது."

கோயில் விடுவதற்கு முன்பே அவன் போய்விட்டான். பாட்டுப்புத்தகத்தோடு திரும்பியவர்கள் அப்படியே உள்ளே வந்து தரையில் அமர்ந்து ஜெபித்தார்கள்.

மறுநாள் அடக்கம் முடிந்து கட்டிலை வெளியே எடுக்க வந்த பக்கத்து வீட்டு ஞானதாசன் கண்ணாடியைக் காட்டி, "மைனி, இத மடக்கி வைக்கட்டா?" என்று ராகேலிடம் கேட்டான்.

"அது நிக்கட்டு," என்றாள் சத்தியபாய்.

சனிக்கிழமை வந்தது. ராகேல் கண்ணாடிக்குக் கீழே குனிந்து பின்னிக்கொண்டிருந்தாள். சத்தியபாய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து முன்வாசல் கீலுக்கு விட்டாள், அடுக்களைக் கதவுக்கு விட்டாள். ஜன்னலோர மூட்டுக்கு அருகே வந்ததும் கிண்ணத்தை மற்றக் கைக்கு மாற்றி, எண்ணெய் விரலைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, சற்று விலகியே நடந்துபோனாள்.