ஆபீஸுக்குப் போகும் பை

பிள்ளையைப் பற்றிப் புகார் வராவிட்டால் பெற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். இவளுக்கோ தூக்கமே போய்விட்டது.

பெரிய கடையொன்றின் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பைகளைச் சோதிப்பது அவள் வேலை. சிரித்துக்கொண்டே வருகிறவனின் பையைத்தான் முதலில் திறப்பாள். வீட்டிலும் அதே புத்தி. "சும்மா வீசுற காத்தைக்கூட நிறுத்தி விசாரிப்பா," என்று புருஷன் கிண்டலடிப்பான்.

அவளுடைய சின்ன மகளுக்கு ஆட்டிசம். மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்துதான் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். மனசுக்குள் ஏதாவது முட்டினால் யோசிக்கும் முன்னே கை நீண்டுவிடும். பக்கத்துப் பிள்ளையின் முடி, டீச்சரின் கண்ணாடி, எதுவும் தப்பாது. "இன்னொரு தடவை நடந்தா வேற ஸ்கூல்தான் பார்க்கணும்," என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அப்புறம் புது டீச்சர் வந்தார். புகார் சட்டென்று நின்றது.

நின்றதுதான் உறுத்தியது. போதாக்குறைக்கு மகளின் தோளில் சிவப்பாக ஒரு தடம். கேட்டதற்கு, "பை. கனம். ஆபீஸ்," என்றாள், அவ்வளவுதான்.

அடிப்பாவிகளா, என் பிள்ளையைச் சுமை தூக்க வைக்கிறீர்களா என்று கொதித்துப்போய், லீவு போட்டுவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்குப் போனாள்.

வகுப்பு ஜன்னலோரம் ஒளிந்து பார்த்தாள். யாரோ பென்சிலால் பெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மகளின் விரல்கள் இறுகின. எழுந்தாள், டீச்சர் மேசையில் ஒரு பச்சை அட்டையை வைத்தாள், மூலையில் கிடந்த நீலப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தாயும் பூனை போலப் பின்னாலேயே போனாள்.

ஆபீஸ் கிளார்க் பையை வாங்கி மேசையில் வைத்தார். திறக்கவேயில்லை. "ரொம்ப தேங்க்ஸ்மா. டீச்சர்கிட்டயே திருப்பிக் குடுத்துடு," என்று மறுபடி மாட்டிவிட்டார்.

யாரும் திறக்காத பையா! வகுப்பு வாசலில் மகளை மறித்து ஜிப்பை இழுத்தாள். உள்ளே யாருக்கும் வேண்டாத பழைய அகராதிகள்.

"என் பொண்ணை முட்டாளாக்குறீங்களா? தொல்லை விட்டா போதும்னு வெளிய துரத்துறீங்களா?" என்று டீச்சர் மேசை வரைக்கும் போய்க் கத்தினாள்.

டீச்சர் பதறி எழுந்தார். "துரத்தலம்மா. கனமா தூக்கிட்டு நடந்தா அவளுக்குப் படபடப்பு அடங்குது. முதல்ல நான் அனுப்பினேன். இப்பல்லாம் கை நீளுறதுக்கு முன்னாடி அவளே எழுந்து போறா. உங்ககிட்ட சொல்லாதது என் தப்புதான்."

"கதை விடாதீங்க!" யோசிக்கும் முன்னே அவள் கை நீண்டு, மேசையிலிருந்த சாக்பீஸ் டப்பாவைத் தட்டிவிட்டது.

மகள் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு பச்சை அட்டையை எடுத்துத் தாயின் உள்ளங்கையில் வைத்தாள். பையை இழுத்துவந்து காலடியில் போட்டாள்.

"அம்மா கோபம். பை. ஆபீஸ்."

யாரும் சிரிக்கவில்லை. "ரெண்டு தடவை போயிட்டு வாங்க ஆன்ட்டி, அப்பதான் சரியாகும்," என்று முன்பெஞ்சுச் சிறுமி ஒருத்தி அக்கறையாகச் சொன்னாள்.

வெட்கம் பிடுங்கித் தின்ன, பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். வார் தோளில் அழுந்தியது. நடக்க நடக்க மூச்சு சீரானது.

கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. பையை வாங்கி மேசையில் வைத்தார்.

"ரொம்ப தேங்க்ஸ்மா," என்றார்.

ஊரார் பையையெல்லாம் துழாவியவளுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையோடு மகளிடம் திரும்பிப் போனாள்.